ஆனைக்குட்டம் விமான விபத்து ஒப்பாய்வுக் குழு

உலக விமானப் போக்குவரத்து வரலாற்றை நேர்மையாக எழுத முன்வரும் எவரும் ஆனைக்குட்டம் ஆகாயத்தேர் பயர் ஒர்க்ஸுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கியே தீர வேண்டும். ஆனைக்குட்டத்தில் விமான நிலையம் இல்லையே என்று சிலர் குறை சொல்லலாம். உண்மைதான். ஊர் அணையில் தண்ணீர் கிடக்கும் வருஷங்களில் கொக்கு வந்து இறங்குவதோடு சரி. ஆனால் எங்கெங்கோ விழுந்த பயணிகள் விமானங்கள் ஏன் விழுந்தன என்பதைத் திங்கட்கிழமைதோறும் காலை எட்டு மணிக்குக் கூடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, டீயும் வடையும் சாப்பிட்டு, தீர்மானம் போட்ட பட்டாசுக் கம்பெனி உலகத்திலேயே அது ஒன்றுதான். அந்தக் குழுவுக்குச் செயலாளராக இருக்கும் பெரும்பேறு போர்மேன் செந்தூர்பாண்டிக்கு வாய்த்தது. அவன் அதைக் கேட்டு வாங்கவில்லை.

எல்லாம் முதலாளி தங்கச்சாமியின் முதல் விமானப் பயணத்தில் தொடங்கியது. ஐம்பத்தெட்டு வயதுவரை சாத்தூர் ஸ்டேஷனில் ரயிலேறியே உலகத்தைப் பார்த்தவர், வைகாசியில் ஒரு தொழில் கூட்டத்துக்காக மதுரையிலிருந்து டெல்லிக்குப் பறந்தார். இருக்கன்குடி மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவருக்கு முன்னால் ஒரு பணிப்பெண் வந்து நின்றாள். இரண்டு கையையும் நீட்டி முன்பக்கம் கதவு, பின்பக்கம் கதவு என்று காட்டினாள். முதலாளிக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாதவர்கள் உயிர்மேல் இவ்வளவு அக்கறையா! அந்த நெகிழ்ச்சியில், முன்சீட்டுப் பையில் செருகியிருந்த பாதுகாப்பு அட்டையைச் சட்டைக்குள் விட்டுக் கொண்டுவந்துவிட்டார். அது லேமினேஷன் போடப்பட்டு, ஆபீசில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் ஒரு முழம் பூ விழுந்தது.

அதற்குப் பிறகு அவருடைய செல்போனில் விமானங்கள் விழுந்துகொண்டே இருந்தன. சாப்பிடும்போது ஒன்று, தூங்கி எழுந்ததும் ஒன்று. ஒரு வாரம் பார்த்துவிட்டுச் செந்தூர்பாண்டியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏலே செந்தூரு, ஒரு விமானம் விழுந்தா எம்புட்டு நாளு காரணத்தைத் தேடுறாக தெரியுமா?"

"தெரியாது மொதலாளி."

"ரெண்டு வருசம்லே! கடலுக்கு அடியில போயி ஆணி ஆணியாப் பொறுக்கிட்டு வாராக. அம்புட்டுத் துண்டையும் ஒரு கொட்டகையில அடுக்கி வச்சு, எந்த ஆணி கழண்டுச்சுன்னு பாக்குறாக. அதுல்ல படிப்பு! அந்தப் படிப்பு நம்ம கம்பெனிக்கு வேணும்."

"நம்ம பட்டாசுல்ல மொதலாளி செய்யுறோம்."

"நம்ம சரக்கும் மேலதானலே போகுது?"

குழு அப்போதே அமைந்தது. தலைவர், முதலாளி. செயலாளர், செந்தூர்பாண்டி. குறிப்பேடு எழுத ஆபீஸ் கிளார்க் சேசுராஜ். டீச்சர் வீட்டுப் பிள்ளை, இங்கிலீஷ் வாசிப்பான். தொழிலாளர் பிரதிநிதி, இருபத்தேழு வருஷமாக மருந்து அடைக்கும் சோலையம்மாள். ஆக மொத்தம் நான்கு பேர். ஓர் அறைக்கு நான்கு பேருக்குமேல் கூடாது என்ற விதியை அந்தக் கம்பெனியில் கடைசிவரை மீறாமல் இருந்தது இந்தக் குழு மட்டும்தான்.

எங்கள் பக்கத்தில் ஒருவருக்கு ஓர் எண்ணம் தோன்றினால், அடுத்த காரியமாக அதை அச்சடித்துவிடுவார்கள். தெருவுக்கு மூன்று ஆப்செட் மெஷின் ஓடும்போது கையால் எழுதுவது அச்சுத் தொழிலுக்கே அவமரியாதை. முதலாளி சேசுராஜை உட்காரவைத்து ஓர் அட்டவணை சொன்னார். மூன்று கட்டம். முதல் கட்டம், விமானம். இரண்டாவது, விழுந்த காரணம். மூன்றாவது, 'நம் கம்பெனியில் இது நேர வாய்ப்பு'. மூன்றாவது கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை 'இல்லை', 'இல்லை', 'இல்லை' என்று போடச் சொன்னார்.

சேசுராஜ் பேனாவை நிறுத்தினான். "விமானமே இன்னும் எதுன்னு தெரியலையே சார். அதுக்குள்ள 'இல்லை'யை எப்படி சார் அச்சுல போடுறது?"

"பின்ன, வாராவாரம் கையால எழுதிட்டு இருப்பியா? அச்சுன்னா சுத்தமா இருக்கும்."

"எத்தனை பிரதி சார்?"

"ஆயிரத்துக்குக் கீழ மெஷின்ல ஏத்த மாட்டாகளேப்பா. ஆயிரமே போடு. இந்தா, இந்தக் கவருல இன்னொரு ஃபாரம் இருக்கு. ரெண்டையும் ஒரே தாள்ல ஓட்டி வெட்டிரச் சொல்லு. தாள் வீணாகாது."

கவர் ஒட்டியிருந்தது. செந்தூர்பாண்டி அதை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தான். போர்மேன் ஆவதற்கு முன்னால் அவனே எட்டு வருஷம் ஓர் அச்சகத்தில் காலண்டர் அடுக்கியவன். அந்தப் பழக்கத்தில், எந்தத் தாளைக் கையில் வாங்கினாலும் அவன் கண் முதலில் கீழ் ஓரத்துக்குத்தான் போகும். அங்கேதான் எந்த மாதம் அடித்தது, எத்தனை பிரதி என்று எறும்பு எழுத்தில் போட்டிருக்கும். அட்டவணை வந்ததும் பார்த்தான். 'ஜூன் – 1000' என்று இருந்தது. திருப்தியாக அந்தக் கட்டை ஆபீஸ் அலமாரியில் வைத்தான். அதே அளவில் இன்னொரு கட்டும் வந்தது. முதலாளி அதைப் பிரிக்காமல் தம் மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

முதல் கூட்டம் மிகுந்த ஆர்வத்தோடு நடந்தது. இரண்டு விமானங்கள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டன. ஒன்றில், சக்கரம் இறங்கியதா என்று காட்டும் சின்ன பல்பு எரியவில்லை. ஓட்டுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தப் பல்பையே கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். விமானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இன்னொன்றில், விமானத்தைக் கழுவித் துடைத்தவர்கள் காற்றை அளக்கும் துளைகள்மேல் டேப் ஒட்டியிருந்தார்கள். வேலை முடிந்ததும் எடுக்க மறந்துவிட்டார்கள். எவ்வளவு உயரத்தில் பறக்கிறோம் என்பதே தெரியாமல் அது கடலில் விழுந்தது.

சோலையம்மாள் வடையைக் கீழே வைத்தாள்.

"ஒரு ஓட்டைய டேப்பு மூடுனதுக்கே அம்மாம் பெரிய பிளேனு விழுந்துருச்சாக்கும்?"

"ஆமா சோலையம்மா. அதான் கவனம் வேணுங்கிறது."

"அப்ப எங்க ஒம்பதாம் நம்பர் ரூம்ல பின்கதவுக்கு வெளிய அட்டைப்பெட்டியா அடுக்கி வச்சிருக்கீகளே மொதலாளி. கதவைத் தள்ளுனா அசைய மாட்டேங்குது."

ஒன்பதாம் அறையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காகிதக் குழாய்களில் மருந்து அடைக்கும் அறை அது. முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. வாசல் பலகையில் 'ஆட்கள் 4' என்று இருக்கும். சீசன் என்பதால் உள்ளே ஒன்பது பெண்கள் இருப்பார்கள். 'விமானத்துலயும் ஓவர் புக்கிங் உண்டுலே' என்று முதலாளி அதற்கு விளக்கம் தந்திருந்தார். இந்தத் தீபாவளிக்கு 'ஜம்போ ஜெட்' என்று ஒரு புது ரகம் போட்டிருந்தார்கள். அதற்கு அடித்த காலிப் பெட்டிகளை வைக்கக் குடோனில் இடம் இல்லை. ஒன்பதாம் அறையின் பின்பக்கச் சன்ஷேடுக்குக் கீழே மழை படாது என்பதால், அங்கே கதவை ஒட்டி ஆளுயரத்துக்கு அடுக்கிவிட்டார்கள். பின்சுவரை ஒட்டி, முன்கதவுக்கு மிகத் தூரமாக, நான்கு பெண்கள் உட்கார்ந்து வேலை செய்வார்கள். அவர்களில் ஒருத்தி பொன்மணி. பொன்மணி, செந்தூர்பாண்டியின் மனைவி.

முதலாளி பொறுமையாகப் புரியவைத்தார். "சோலையம்மா, நீ ஒப்பாய்வு பண்ணத் தெரியாமப் பேசுற. அவுக டேப்பை எடுக்காதது மறதி. நம்ம பெட்டி அடுக்குனது தெரிஞ்சு செஞ்சது. ரெண்டும் ஒண்ணா?"

சேசுராஜ் குறிப்பேட்டில் எழுதினான்: 'மறதி நம் கம்பெனியில் கிடையாது.' கூட்டம் இனிது நிறைவுற்றது.

ஆனால் சோலையம்மாள் விடுகிற ஆள் இல்லை. அடுத்த திங்கட்கிழமை சாமி படத்துக்குப் பக்கத்திலிருந்த அட்டையைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இதுல பின்னாடியும் கதவு வரைஞ்சிருக்கு, அம்புக்குறியெல்லாம் போட்டுருக்கு. ஒரு அட்டைப்பெட்டியக்கூடக் காணோமே மொதலாளி?" என்றாள். அன்று முதலாளிக்கு அவசரமாக ஒரு போன் வந்தது.

தொழிலாளர்களின் குறையைக் கேட்க ஒரு வழி வேண்டும் என்று முதலாளிக்கே தோன்றியதுதான் அவருடைய பெருந்தன்மை. நான்காம் கூட்டத்தில் 'கருப்புப் பெட்டி' திறப்பு விழா நடந்தது. தகரப் பெட்டி, மேலே ஒரு பிளவு, முன்னால் பூட்டு. ஆரஞ்சு வண்ணம் அடித்து ஆபீஸ் வாசலில் ஆணியடித்து மாட்டினார்கள்.

"கருப்புப் பெட்டிங்கீக, ஆரஞ்சா இருக்கு?" என்றாள் சோலையம்மாள்.

"உலகம் பூரா அப்படித்தாம்மா. என்ன குறை இருந்தாலும் சீட்டுல எழுதி இதுல போடலாம். பேரு போட வேணாம். பயப்பட வேணாம்."

பெண்களுக்கு உள்ளபடியே சந்தோஷம். அன்று மத்தியானமே பதினோரு சீட்டு விழுந்தது. ஒரு மாதம் போனது. பெட்டியைக் குலுக்கினால் சத்தம் வராத அளவுக்கு நிறைந்துவிட்டது. செந்தூர்பாண்டி தயங்கித் தயங்கி முதலாளியிடம் போனான்.

"மொதலாளி, பெட்டி நெறைஞ்சுருச்சு. தெறந்து பாத்துருவோமா?"

முதலாளி அதிர்ந்துபோனார். "ஏலே, செயலாளரா இருந்துக்கிட்டுப் பேசுற பேச்சா இது? கருப்புப் பெட்டிய எப்பத் தெறப்பாக?"

"எப்ப மொதலாளி?"

"விமானம் விழுந்த பெறவு. இன்னும் ஒண்ணும் விழலையே! அதுக்குள்ள தெறந்தா விதிமீறல்."

சாவி அவர் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. பெண்கள் வேறொரு பெட்டி கேட்டார்கள். பிளவை ஆணியால் கொஞ்சம் அகலப்படுத்திக் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் நடந்தது 'தொண்ணூறு நொடிச் சோதனை'. ஆள் நிறைந்த விமானத்திலிருந்து தொண்ணூறு நொடிக்குள் எல்லாரும் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அதற்கு அனுமதி கிடைக்கும் என்று முதலாளி படித்திருந்தார். கழுத்தில் விசிலும் கையில் போனுமாக ஒன்பதாம் அறை வாசலில் நின்றார். விசில் ஊதினார். ஒன்பது பெண்களும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு, முன்கதவு வழியாக ஓடிவந்தார்கள். பொன்மணி கடைசியாக வந்தாள்.

"நாப்பத்தொரு நொடி!" முதலாளி துள்ளினார். "அமெரிக்காக்காரனே தொண்ணூறுங்கிறான். நாம பாதியக்கூடத் தொடலலே!"

"வெடி நாப்பத்தொரு நொடி பொறுத்துக்கிடுமா மொதலாளி?" என்றாள் சோலையம்மாள், மூச்சு வாங்கியபடி.

"அது வெடியோட ஒழுங்கீனம். அதுக்கு நாம பொறுப்பாக முடியாது."

செந்தூர்பாண்டி "பின்கதவும் தெறந்திருந்தா இன்னும் கொறையும் மொதலாளி" என்றான். நான்கு அடிக்கு அப்பால் கேட்காத குரல் அது.

"நீ முழுசாப் படிக்கல. அந்தச் சோதனையில பாதிக் கதவை மூடி வச்சுத்தான் ஓடச் சொல்லுவாக. அதான் விதி. நம்ம ரூமுக்கு ரெண்டு கதவு. ஒண்ணு மூடிக் கெடக்கு. அவுக சோதனை அன்னைக்கு மட்டும் மூடுறாக. நாம நித்தமும் மூடி வச்சிருக்கோம்."

சேசுராஜ் எழுதினான்: 'உலகத் தரத்தைவிட மேம்பட்டது.'

அன்று சாயங்காலம் வீட்டுக் குழாயடியில் பொன்மணி கையில் ஒட்டியிருந்த வெள்ளிப் பொடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் நக இடுக்கில் மினுக்கும்.

"நீங்க செயலாளருதான? கதவைத் தெறங்கன்னு ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"சொல்லிருக்கேன் புள்ள. சீட்டு எழுதிப் பெட்டியில போட்டுருக்கேன்."

"நானுந்தான் பதிமூணு சீட்டு போட்டுருக்கேன். வாயால சொன்னீகளான்னு கேட்டேன்."

"சொன்னேன். அவரு விதியக் காட்டுறாரு."

"அவரு விதியச் சொல்லட்டும். நீங்க எங்க உயிரச் சொல்லுங்க." கையை உதறினாள். "விசிலு ஊதுனப்ப எனக்கு முன்னாடி எட்டு முதுகு. எட்டையும் தாண்டித்தான் எனக்கு வாசல் தெரிஞ்சுச்சு. வெளையாட்டுக்கு ஓடயிலயே இந்தக் கதி."

செந்தூர்பாண்டி கெட்டவன் இல்லை, பயந்தவன். சீசன் நடுவில் வேலை போனால் வேறு கம்பெனியில் போர்மேனாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். முதலாளியை எதிர்த்தவன் என்ற பேர் சாத்தூர்வரை போய்விடும். அதையெல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, மறுநாளும் இன்னொரு சீட்டுதான் எழுதிப் போட்டான்.

பதினோராம் கூட்டத்துக்கு முதலாளி பெரிய விபத்தாகத் தேர்ந்தெடுத்திருந்தார். வாசிக்கும் பொறுப்பு செயலாளருக்கு. சேசுராஜ் தமிழில் எழுதித் தந்ததைச் செந்தூர்பாண்டி எழுந்து நின்று வாசித்தான். மூடுபனி. ஓடுபாதையில் ஒரு விமானம் புறப்பட ஓடுகிறது. அதே பாதையில் இன்னொரு விமானம் இன்னும் விலகாமல் நிற்கிறது. ஓட்டுகிறவர் பெரிய ஆள், கம்பெனியிலேயே பேர் பெற்றவர். பின்னால் உட்கார்ந்திருந்த இளையவருக்குச் சந்தேகம். 'அவர் இன்னும் விலகலையோ?' என்று கேட்கிறார். 'அதெல்லாம் விலகியாச்சு' என்கிறார் பெரியவர். இளையவர் அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

அந்த இடத்தில் செந்தூர்பாண்டிக்கும் வாய் நின்றுவிட்டது.

"வாசிலே. பெறவு?"

"பெறவு ரெண்டும் மோதிருச்சு மொதலாளி."

"இதுல இருந்து நமக்கு என்ன தெரியுது?"

சோலையம்மாள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தூர்பாண்டி தாளை மடித்தான். "மொதலாளி, அந்தப் பின்கதவு..."

"என்னது?"

"ஒண்ணுமில்ல மொதலாளி. பனிதான் காரணம்."

"கரெக்ட்! ஆனைக்குட்டத்துல பனி உண்டா?"

"இல்ல மொதலாளி."

மூன்றாவது கட்டத்தில் அந்தப் பதில் ஏற்கெனவே அச்சாகி இருந்தது. சோலையம்மாள் எழுந்து, "தம்பி, ஒனக்கும் ஒரு பல்பு எரியல போல" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

மறுநாள் செவ்வாய். முதலாளி ஆர்டர் விஷயமாக மூன்று நாள் வெளியூர் கிளம்பிவிட்டார். காலை ஆறரைக்கே செந்தூர்பாண்டி கம்பெனிக்கு வந்தான். ஒன்பதாம் அறைக்குப் பின்னால் போய் முதல் பெட்டியை எடுத்தான். வேப்பமரத்தடியில் தார்ப்பாய் விரித்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோய் அடுக்கினான். முப்பது பெட்டி போயிருக்கும். சேசுராஜ் சைக்கிளில் வந்து நின்றான். டிபன் கேரியரை மண்ணில் வைத்துவிட்டு அவனும் தூக்க ஆரம்பித்தான்.

"குறிப்பேட்டுல ஏத்திராதீக சேசுராஜ்."

"எதைண்ணே?"

எட்டு மணிக்குப் பின்கதவு திறந்தது. மூன்று மாதத் துருவோடு அது போட்ட கிறீச் சத்தத்தைக் கேட்டுப் பெண்கள் கை தட்டினார்கள். பொன்மணி கதவு மூடிக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லைத் தேடிக் கொண்டுவந்து வைத்தாள்.

வியாழக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு ஒன்பதாம் அறை வெடித்தது.

செந்தூர்பாண்டி நான்காம் அறையில் இருந்தான். ஓடினான். புகை கலையாமல் ஒன்றும் தெரியவில்லை. முன்பக்கம் சோலையம்மாள் நின்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். அவளோடு சேர்த்து ஐந்து பேர் இருந்தார்கள். பொன்மணி இல்லை. கூரை உள்ளே விழுந்து கிடந்தது. அவன் அலறியபடியே சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனான். வேலிக்கருவைப் புதரில் நான்கு பெண்கள் சேலை கிழிந்து கிடந்தார்கள். நடுவில் பொன்மணி உட்கார்ந்திருந்தாள். முடி நுனி பொசுங்கியிருந்தது.

"செருப்பு ஒண்ணக் காணோம்" என்றாள். "போன வாரந்தான் வாங்குனது."

அவன் அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஒரு போர்மேன் தொழிலாளர்கள் முன்னால் அப்படி அழுவது ஒழுங்கு இல்லைதான். அன்று யாரும் அதைக் கேட்கவில்லை. அறை நடுவில் மருந்துத் தட்டு பற்றியதற்கும் கூரை விழுந்ததற்கும் இடையில் பத்து நொடிகூட இருக்காது என்று சோலையம்மாள் பின்னால் சொன்னாள்.

முதலாளி போனிலேயே எல்லா ஏற்பாடும் செய்தார். ஆணி ஆணியாகப் பொறுக்கிக் கொட்டகையில் அடுக்கும் படிப்பை மெச்சியவர் அல்லவா! மூன்று மணிக்கு ஜேசிபி வந்தது. ஐந்து மணிக்கு ஒன்பதாம் அறை இருந்த இடம் கிரிக்கெட் ஆடலாம்போல் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை சிறப்புக் கூட்டம். விமானம் விழுந்தாயிற்று, ஆகவே விதிப்படி கருப்புப் பெட்டி திறக்கப்பட்டது. சூடம் காட்டி, முதலாளி தம் கையாலேயே பூட்டைத் திறந்தார். சேசுராஜ் சீட்டுகளை எண்ணினான். இருநூற்றுப் பதினேழு. நான்கு சீட்டில் கக்கூஸ் கேட்டிருந்தார்கள். மற்றதெல்லாம் ஒரே வாசகம்: 'பின்கதவைத் திறந்து விடுங்க.'

முதலாளி சீட்டுகளை மேஜைமேல் தட்டி அடுக்கினார்.

"பாத்தீகளா? ரெண்டு மாசமாத் திட்டம் போட்டுருக்காக."

"என்ன திட்டம் சார்?" என்றான் சேசுராஜ்.

"கதவைத் தெறக்கத்தான். ஒப்பாய்வு பண்ணிப் பாருலே. மூணு மாசம் கதவு மூடிக் கெடந்துச்சு. ஒண்ணும் நடக்கல. கதவத் தெறந்த மூணாம் நாளு வெடிச்சிருச்சு. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்?"

"கதவு தெறந்து கெடந்ததாலதான மொதலாளி நாங்க ஒம்பது பேரும் இங்கன உசிரோட இருக்கோம்?" என்றாள் சோலையம்மாள். அவள் முழங்கையில் கட்டுப் போட்டிருந்தது.

"அது விளைவு சோலையம்மா. நாம இப்பப் பேசுறது காரணம்."

அட்டவணை நிரப்பப்பட்டது. விமானம்: ஒன்பதாம் அறை. விழுந்த காரணம்: பின்கதவு திறப்பு. நம் கம்பெனியில் இது நேர வாய்ப்பு: இல்லை.

பிறகு முதலாளி தம் மேஜைக்குப் பின்னால் இருந்த அலமாரியைத் திறந்தார். ஒரு கட்டைப் பிரித்து மேல் தாளை எடுத்துச் சேசுராஜிடம் நீட்டினார். 'விபத்து அறிக்கை' என்று தலைப்பு. காரணம், உராய்வு என்று அச்சிலேயே இருந்தது. பொறுப்பு, போர்மேனின் கவனக்குறைவு என்பதும் அச்சில் இருந்தது. அடியில் 'நகல்: காவல் நிலையம்'. அறை எண், தேதி, போர்மேன் பெயர், இறந்தவர்கள் என்று நான்கு இடத்தில் மட்டும் கோடு விட்டிருந்தார்கள்.

"கதவுதான் காரணம்னு பேசுனோமே சார். இதுல உராய்வுன்னு இருக்கே?"

"கதவு தெறக்கையில ஒராஞ்சிருக்கும்லே. எழுது."

சேசுராஜ் எழுதினான். இறந்தவர்கள் என்ற கோட்டுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றான். பிறகு 'இல்லை' என்று எழுதினான். அந்தக் கம்பெனியில் அந்தச் சொல் கையால் எழுதப்பட்டதும், உண்மையாக இருந்ததும் அதுதான் முதல்முறை.

கையெழுத்துப் போடத் தாள் செந்தூர்பாண்டியிடம் வந்தது. பழக்கதோஷம்; அவன் கண் நேராகக் கீழ் ஓரத்துக்குப் போனது. எறும்பு எழுத்தில் போட்டிருந்தது: 'ஜூன் – 1000'.

அவன் இரண்டு முறை வாசித்தான். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்தான்.

"மொதலாளி, இது ஜூன்ல அடிச்சது."

"ஆமா. சார்ட்டோட சேத்து ஒரே தாள்ல ஓட்டுனது. நீதான கவரைக் கொண்டுபோய்க் குடுத்த?"

"ஆயிரம் அடிச்சிருக்கீக."

"அதுக்குக் கீழ மெஷின்ல ஏத்த மாட்டாகளேலே."

"ஒண்ணு எனக்கு." அவன் குரல் அன்று நான்கு அடி அல்ல, நாற்பது அறைக்கும் கேட்டது. "மிச்சம் தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொம்பது யாருக்கு மொதலாளி?"

முதலாளி கட்டை மறுபடி சுற்றி, நூல் போட்டு, அலமாரியில் வைத்துப் பூட்டினார். மற்ற நாட்டில் விமானம் விழுந்த பிறகு இரண்டு வருஷம் தேடித்தான் காரணத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். ஆகாயத்தேர் பயர் ஒர்க்ஸ் மூன்று மாதம் முந்தியே கண்டுபிடித்து அச்சேற்றி வைத்திருந்தது. அதில் இன்னும் நிரப்ப வேண்டியது பெயர்கள் மட்டும்தான்.